சொரோகினாவும் விஸ்லோவாவும்: சும்மா கிடைக்காத ஒரு வெண்கலம்

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் பெண்கள் இரட்டையர் ஷட்டில் (பேட்மின்டன்) என்று பேச்செடுத்தாலே, வேண்டுமென்றே தோற்கப் பார்த்து வெளியேற்றப்பட்ட நான்கு ஜோடிகளின் கதைதான் வரும். பேச்சு அதோடு முடிந்தும் போகும். சரி, வெண்கலம் யாருக்குப் போனது என்று கேட்டால், பேட்மின்டனை ஊன்றிப் பார்ப்பவர்கள்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரஷ்யாதானே? அது சும்மா கிடைத்த மெடல்" என்பார்கள். இதைப் பலர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசு ஒப்பவில்லை. வலேரியா சொரோகினா, நீனா விஸ்லோவா இருவரும் அந்த மெடலை ஆடித்தான் வாங்கினார்கள். அதற்கு வழி திறந்த ஆட்டம் எது என்று தேடிப் போனால், அன்றைக்கு யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு ஆட்டத்தில் போய் நிற்கும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் இவர்கள் யார் என்று பார்ப்போம். சொரோகினா 1984 மார்ச்சில் பிறந்தவர். வோல்காவும் ஓகாவும் கலக்கும் இடத்தில் இருக்கும் நிஷ்னி நோவ்கரத் அவர் ஊர். அவர் பிறந்தபோது அதற்கு கோர்க்கி என்று பெயர், வெளிநாட்டுக்காரர்கள் கால் வைக்க முடியாத தொழில் நகரம், விஞ்ஞானி சகாரோவை சோவியத் அரசு கொண்டுபோய் அடைத்து வைத்திருந்த ஊரும் அதுதான். விஸ்லோவா இரண்டரை வருடம் இளையவர், 1986 அக்டோபரில் மாஸ்கோவில் பிறந்தவர். இருவருக்கும் விவரம் தெரியும் வயதில் சோவியத் யூனியனே இல்லை. பேட்மின்டன் ஒலிம்பிக்ஸுக்குள் மெடல் போட்டியாக வந்ததே 1992 பார்சிலோனாவில்தான், அதாவது யூனியன் கலைந்த மறு வருடம். ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் மல்யுத்தத்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் சோவியத் அரசு பல பத்தாண்டுகளாகக் கட்டி வைத்திருந்த பெரிய ஏற்பாடு இந்த ஆட்டத்துக்கு அந்த அளவில் இருந்ததில்லை. கோடையில் ஊருக்கு வெளியே இருக்கும் தோட்ட வீட்டுக்குப் போனால் புல்தரையில் வலைகூட இல்லாமல் பிளாஸ்டிக் ஷட்டில்காக் ஒன்றைத் தட்டி விளையாடுவார்களே, பெரும்பாலான ரஷ்யர்களுக்கு பேட்மின்டன் என்றால் அதுதான். அப்படிப்பட்ட ஒரு நாட்டிலிருந்து, பணத்துக்குத் திண்டாடிய தொண்ணூறுகளில் ராக்கெட்டைக் கையில் எடுத்து, சீனாவும் கொரியாவும் இந்தோனேசியாவும் டென்மார்க்கும் ஆண்டுகொண்டிருந்த ஆட்டத்துக்குள் வந்தவர்கள் இவர்கள்.

ஒரு இரட்டையர் ஆட்டக்காரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு பேரைப் பற்றித்தான் எழுத வரும். சொரோகினா கலப்பு இரட்டையரும் ஆடியவர், லண்டனில் அலெக்சாந்தர் நிகொலாயென்கோவோடு இறங்கினார், காலிறுதிக்கு வரவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் அடுத்த பெயர் விஸ்லோவாதான், விஸ்லோவாவுக்கும் அப்படியே.

இரட்டையரை டிவியில் பார்க்கும்போது அது வேகமாக மட்டும்தான் தெரியும். கோர்ட்டுக்குள் நின்று ஆடியவர்களுக்குத்தான் அதில் இன்னொரு விஷயம் புரியும். தாக்கும்போது ஒருவர் பின்னால், ஒருவர் முன்னால் வலைக்குப் பக்கத்தில். முன்னால் நிற்பவருக்குத் தன் பார்ட்னர் தெரிய மாட்டார், திரும்பிப் பார்க்கவும் கூடாது, திரும்பினால் எதிரிலிருந்து வரும் காக் முகத்தில்தான் படும். பின்னால் ராக்கெட் நரம்பில் காக் படும் சத்தத்தை வைத்து அது ஸ்மாஷா (ஓங்கி அடித்ததா), டிராப்பா (மெதுவாக வலையோரம் போட்டதா) என்று தெரிந்துகொண்டு, காக் தன் தோளைத் தாண்டிப் போவதற்குள் ராக்கெட்டைத் தூக்கித் தயாராக நிற்க வேண்டும். எதிரி தூக்கிப் போடும்படி ஆனால் தொடர்ந்து தாக்கலாம், நாம் தூக்கிப் போடும்படி ஆகிவிட்டால் உடனே இருவரும் பக்கவாட்டில் பிரிந்து, 6.1 மீட்டர் அகலத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு குனிந்து நின்றாக வேண்டும். நடுவில் வருவது யாருடையது என்பதைப் பேசி முடிவு செய்ய நேரம் கிடையாது. பெண்கள் இரட்டையரில் ராலிகள் நீளம், நாற்பது, ஐம்பது அடி போவதெல்லாம் சாதாரணம், ஆகவே இந்த முன்பின், பக்கவாட்டு மாற்றம் ஒரே பாயின்டுக்குள் பல முறை நடக்கும். வருடக்கணக்கில் ஒரே ஆளோடு ஆடினால் மட்டும்தான் இது வரும். எங்கள் ஊர் கோர்ட்டிலும் பத்து வருடம் ஜோடியாக ஆடும் இரண்டு சுமாரான ஆட்டக்காரர்கள், நேற்று சேர்ந்த இரண்டு நல்ல ஆட்டக்காரர்களை நிம்மதியாக அடித்துவிட்டுப் போவார்கள், பார்த்திருப்பீர்கள்.

சொரோகினா–விஸ்லோவா ஜோடிக்கு அது கைகூடியிருந்தது. 2010 ஏப்ரலில் மான்செஸ்டரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் பெண்கள் இரட்டையர் தங்கம் இவர்களுக்குத்தான். ஐஸ்லாந்து எரிமலை கக்கிய சாம்பலால் இங்கிலாந்தின் வானத்தையே மூடி வைத்திருந்தார்களே, அதே வாரம். "சும்மா கிடைத்த மெடல்" என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. லண்டனுக்கு வந்தவர்கள் இரண்டு வருடத்துக்கு முன்பு ஐரோப்பாவின் சாம்பியனாக இருந்தவர்கள்.

இப்போது லண்டன். ஒலிம்பிக்ஸ் பேட்மின்டனில் குழு முறை முதன்முதலாக வந்தது 2012இல்தான். பெண்கள் இரட்டையரில் பதினாறு ஜோடிகள், நான்கு குழுக்கள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் காலிறுதிக்கு. அதற்கு முன்பு தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய நாக்அவுட் முறைதான். பலவீனமான நாடுகளின் ஆட்டக்காரர்களும் இரண்டு மூன்று ஆட்டமாவது ஆடட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் மாற்றினார்கள். ஆனால் எந்தக் குழுவின் முதல்வர் எந்தக் குழுவின் இரண்டாமவரோடு மோதுவார் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். பிரச்சினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

ரஷ்யர்கள் விழுந்தது ஏ குழுவில். உலகின் முதல் நிலை ஜோடி வாங் சியாவ்லி–யூ யாங், கொரியாவின் ஜுங் கியுங்-உன்–கிம் ஹா-நா, கனடாவின் அலெக்ஸ் புரூஸ்–மிஷெல் லி, அப்புறம் இவர்கள். வாங்கும் யூவும் அதற்கு முந்தைய வருடம் அதே வெம்ப்ளி அரீனாவில் உலக சாம்பியன் ஆனவர்கள். எதிர்பார்த்தபடியே ரஷ்யா சீனாவிடம் தோற்றது, கொரியாவிடமும் தோற்றது. கனடாவும் அப்படியே. ஆக, கடைசிச் சுற்றுக்கு முன்பே சீனாவும் கொரியாவும் காலிறுதிக்குள், ரஷ்யாவும் கனடாவும் வெளியே. மிச்சம் இருந்தது இரண்டு ஆட்டங்கள். தகுதி பெற்றுவிட்ட இருவர் மோதும் ஆட்டம் ஒன்று. ஊருக்குக் கிளம்ப வேண்டிய இருவர் மூன்றாம் இடத்துக்கு மோதும் ஆட்டம் இன்னொன்று.

முதல் ஆட்டத்தின் கதை உலகுக்கே தெரியும். ஜூலை 31 அன்று டி குழுவில் சீனாவின் இரண்டாவது ஜோடியான தியான் சிங்–ஜாவ் யுன்லெய், டென்மார்க்கின் கமிலா ரிட்டர் ஜூல்–கிறிஸ்டினா பெடர்சன் ஜோடியிடம் தோற்றுவிட்டார்கள். அதனால் அவர்கள் டிராவில், அதாவது யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணையில், எந்தப் பக்கம் வருவார்கள் என்பது முடிவாகிவிட்டது. ஏ குழுவில் யார் ஜெயித்து முதலிடம் பிடிக்கிறார்களோ அவர்கள் அரையிறுதியில் தியான்–ஜாவைச் சந்திக்க வேண்டி வரும். வாங்கும் யூவும் சொந்த நாட்டு ஜோடியை இறுதிப்போட்டி வரை தவிர்க்கப் பார்த்தார்கள். எதிரே நின்ற கொரியர்களும் ஜெயிக்க விரும்பவில்லை. சர்வீஸ் நேராக வலையில், அடிக்கிற அடி எல்லாம் கோர்ட்டுக்கு வெளியே, அந்த ஆட்டத்தின் மிக நீளமான ராலியே நான்கு அடிதான். டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் ஊளையிட்டது. ரெஃபரி டோர்ஸ்டன் பெர்க் கோர்ட்டுக்குள்ளேயே வந்து எச்சரித்துவிட்டுப் போனார். சீனா தோற்றது. அதற்கு அடுத்து சி குழுவில் கொரியாவின் ஹா ஜுங்-உன்–கிம் மின்-ஜுங்கும் இந்தோனேசியாவின் கிரேசியா பொலி–மெலியானா ஜவ்ஹாரியும், காலிறுதியில் வாங்–யூ பக்கம் போகாமல் இருக்க அதே வேலையைச் செய்தார்கள். அந்த ஆட்டத்தில் ரெஃபரி, ஆட்டக்காரர்களை வெளியேற்றும் கறுப்பு அட்டையைக் காட்டி, பிறகு திரும்பவும் எடுத்துக்கொண்டார். மறுநாள், ஆகஸ்ட் 1, முழு முயற்சியோடு ஆடவில்லை, விளையாட்டுக்குக் கேடு செய்தார்கள் என்று நான்கு ஜோடிகளையும் உலக பேட்மின்டன் கூட்டமைப்பு வெளியேற்றியது.

இதெல்லாம் நடந்த அதே குழுவில் ரஷ்யாவும் கனடாவும் தங்கள் கடைசி ஆட்டத்தை ஆடினார்கள். காலிறுதிக்கு வழியில்லை, மெடலுக்கு வழியில்லை. ஜெயித்தால் மூன்றாம் இடம், தோற்றால் நான்காம் இடம், இரண்டுக்கும் ஒரே விமான டிக்கெட். ரஷ்யர்கள் அதை ஆடி ஜெயித்தார்கள்.

அந்த வெற்றியின் பலன் என்ன என்று பாருங்கள். மேலே இருந்த இரண்டு பெயர்களும் அடிபட்டுப் போனதும், ஏ குழுவின் மூன்றாமவர் முதலாமவர் ஆனார், நான்காமவர் இரண்டாமவர் ஆனார். அதனால் ரஷ்யாவுக்குக் காலிறுதியில் சி குழுவின் இரண்டாம் இடத்துக்கு வந்த தென்னாப்பிரிக்காவின் மிஷெல் எட்வர்ட்ஸ்–அன்னாரி வில்யோன் வந்தார்கள். கனடாவுக்கோ சி குழுவில் முதலிடத்துக்கு உயர்ந்த ஆஸ்திரேலியாவின் லீயன் சூ–ரேணுகா வீரன். (ரேணுகா மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர்.) கனடா அந்தக் காலிறுதியை மூன்று கேம் போராடித்தான் தாண்டியது. ரஷ்யா தென்னாப்பிரிக்காவை நேர் கேம்களில், அதாவது இரண்டே கேமில், முடித்தது. கனடாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தை அலட்சியமாக விட்டிருந்தால் இந்த இடம் மாறியிருக்கும். குழுவிலேயே எல்லோரும் மறந்துபோன ஆட்டம் இவர்களுடைய டிராவைத் தீர்மானித்தது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது இதுதான். ஏ குழுவின் முதலிடம் என்பது வாங்கும் யூவும் ஓடி ஒளியப் பார்த்த இடம். அங்கே போனால் அரையிறுதியில் தியான்–ஜாவ் காத்திருப்பார்கள். உலகின் முதல் நிலை ஜோடியே வேண்டாம் என்ற அந்த அரையிறுதியை சொரோகினாவும் விஸ்லோவாவும் ஆடினார்கள். முதல் கேமை 19–21 வரை கொண்டுபோனார்கள், பிறகு தங்கம் வாங்கப்போகிற ஜோடிக்கு எதிராக. இரண்டாவது கேம் 6–21, அதில் ஒன்றும் மிச்சமில்லை, எதிரிகள் ஒரு படி மேலே ஏறிவிட்டார்கள். ஆனால் அந்த முதல் கேம் பதிவில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு யாராவது இவர்களைச் சும்மா வந்தவர்கள் என்று சொல்லட்டும்.

ஆகஸ்ட் 4 அன்று வெண்கலத்துக்கான ஆட்டம். எதிரே மறுபடியும் கனடாவின் புரூஸும் லியும்! சில நாள் முன்பு மூன்றாம் இடத்துக்காக ஆடிய அதே நான்கு பேர், அதே அரங்கம், இப்போது ஒலிம்பிக் மெடலுக்காக. 21–9, 21–10. ரஷ்யாவின் முதல் ஒலிம்பிக் பேட்மின்டன் மெடல் அது.

அதே ஆகஸ்ட் 4, அதே வெம்ப்ளி அரீனா, சாய்னா நேவாலும் வெண்கலம் வாங்கினார். எப்படி வாங்கினார் என்பது நினைவிருக்கிறதா? சீனாவின் வாங் சின் முதல் கேமை 21–18 என்று ஜெயித்து, இரண்டாவதில் 1–0 என்று முன்னால் இருந்தபோது முழங்கால் பிசகி விலகினார். நாம் யாரும் அதைச் சும்மா கிடைத்த மெடல் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அந்த வெண்கல ஆட்டத்துக்கு வந்து சேர சாய்னா எவ்வளவு ஆடினார் என்று நமக்குத் தெரியும், அதனால் அந்தக் கடைசி நிமிடத்தை வைத்து அவரை எடை போடவில்லை. அதே நியாயம் நிஷ்னி நோவ்கரத்காரிக்கும் மாஸ்கோகாரிக்கும் உண்டுதானே?

இந்திய ரசிகர்களுக்கு இந்த வெண்கலத்தின் மேல் கொஞ்சம் மனக்கசப்பு இருப்பதற்குக் காரணமும் உண்டு. பி குழுவில் ஜுவாலா கட்டா–அஸ்வினி பொன்னப்பா ஜோடி தைவானை அடித்தது, சிங்கப்பூரை அடித்தது, ஜப்பானிடம் மட்டும் தோற்றது. மூன்று ஜோடிகள் சமமாக நிற்க, பாயின்ட் வித்தியாசத்தில் ஒரே ஒரு பாயின்டில் வெளியே போனார்கள். ஜப்பான் தைவானிடம் தோற்ற ஆட்டத்தைப் பற்றி இந்தியா புகார் கொடுத்துப் பார்த்தது, எடுபடவில்லை. முந்தைய வருடம் அதே அரங்கில் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம் வாங்கிய ஜோடி அவர்கள். இரண்டு ஆட்டம் ஜெயித்த நம்மவர்கள் வீட்டுக்குப் போக, ஒன்றே ஒன்று ஜெயித்தவர்கள் மெடல் வாங்கினார்களே என்று அன்றைக்குப் புலம்பாத ஆள் இல்லை. எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்த வயிற்றெரிச்சலை அட்டவணை போட்டவர்கள் மேல் காட்ட வேண்டும். ஏ குழுவில் உலகின் முதல் ஜோடியோடும் கொரியாவோடும் சேர்த்துப் போட்டதற்கு ரஷ்யர்கள் என்ன செய்வார்கள்?

குழு முறையில் இருந்த ஓட்டையை 2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்குள் அடைத்தார்கள். இரட்டையரில் குழுவில் இரண்டாவதாக வந்தவர்களுக்கு, யாரோடு மோதுவது என்பதைக் குழு ஆட்டங்கள் முடிந்த பிறகு குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள், ஆக தோற்று இடம் தேடுவதில் அர்த்தமில்லாமல் போனது. வெளியேற்றப்பட்டவர்களில் பலருக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைத்தது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஏனென்றால் அவர்கள் பெரும்பாலும் மேலிடத்துக் கணக்குக்கு ஆடியவர்கள் என்று நினைக்கிறேன். ஜுங் கியுங்-உன் 2016இல் வேறொரு பார்ட்னரோடு வெண்கலம் வாங்கினார், அதுவும் யூ யாங்கின் ஜோடியைத் தோற்கடித்து. கிரேசியா பொலி டோக்கியோவில் அப்ரியானி ரஹாயுவோடு தங்கமே வாங்கினார், இந்தோனேசியா முழுக்க அழுதது.

ரஷ்ய இரட்டையரும் லண்டனோடு நின்றுவிடவில்லை. விளாதிமிர் இவானோவ்–இவான் சொசோனோவ் ஆண்கள் ஜோடி 2014இல் சொந்த மண்ணில், கசானில், ஐரோப்பிய சாம்பியன் ஆனது. 2016 மார்ச்சில் பர்மிங்காமில் ஆல் இங்கிலாந்து இறுதிப்போட்டியில் ஜப்பானின் எண்டோ–ஹயகாவாவிடம் முதல் கேமை 21–23 என்று விட்டு, அடுத்த இரண்டை 21–18, 21–16 என்று எடுத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் பழமையான அந்தப் பட்டம் ஒரு ரஷ்ய ஜோடிக்குப் போனதை அன்று நம்பவே முடியவில்லை. அதே வருடம் ரியோவில் காலிறுதி வரை வந்து சீனாவின் சாய் பியாவ்–ஹோங் வெயிடம் தோற்றார்கள். 2022 மார்ச்சில், உக்ரைன் போரைத் தொடர்ந்து, ரஷ்ய ஆட்டக்காரர்களை சர்வதேசப் போட்டிகளிலிருந்து நிறுத்தினார்கள்.

ஆக இன்று வரை பேட்மின்டனில் ரஷ்யாவின் ஒரே ஒலிம்பிக் மெடல் சொரோகினா–விஸ்லோவா வாங்கிய வெண்கலம்தான். வெம்ப்ளி அரீனா ஆட்டங்களைத் தேடிப் பார்க்கிறவர்கள் வழக்கமாக அந்த நான்கு அடி ராலியைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். அடுத்த முறை தியான்–ஜாவுக்கு எதிரான அரையிறுதியின் முதல் கேம் கிடைத்தால் அதைப் போட்டுப் பாருங்கள். பாயின்ட் எண்ணிக்கையை விடுங்கள், தாக்குதலிலிருந்து தடுப்புக்கு இவர்கள் இருவரும் பிரிகிற இடத்தை மட்டும் கவனியுங்கள்.